இருபது நிமிடம்

கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லிலீற்றர் இரத்தம்.
நேரம் ஒன்று பன்னிரண்டு.
ஆட்டாதேயும், தவறூபி. தொடவும் வேண்டாம்.

யன்னல் கம்பியில் சாய்த்துவைத்த போனில்
கண்டிப் பேராசிரியர் நாலாவது படத்துக்கு வந்துவிட்டார்:
சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாய்
பொய் சொல்லும்.
ஆர் கழுவினது இதை?
புதுசு டொக்டர், நேற்றுத்தான் பெட்டி உடைச்சது.

கட்டிலில் துணுக்காய் வயல்காரர்,
கணுக்காலுக்கு மேல் இரண்டு புள்ளி.
புடையனையும் சொப்பிங் பையில் கொண்டுவந்திருக்கிறார்,
அரை உயிரோடு.
பாம்பைக் கொண்டுவர வேண்டாம் என்று
மூன்றாவது படத்தில் இருந்தது.
அந்நேரம் அவர் வரம்பில் நின்றார்.

சிக்னல் போகிறது.
பேராசிரியரின் வாய் திறந்தபடி நிற்கிறது.
ஓபிடி வாசலில் இன்னும் நாற்பத்தொரு துண்டு.
கொப்பியில் கிறுக்குகிறேன்: இமை. அடிக்கடி
மேலே பார்க்கச் சொல்லு.

மேல பாருங்கோ ஐயா.
பார்க்கிறார்.
முகட்டில என்ன பிள்ளை?
பல்லி.

ஒன்று முப்பத்திரண்டு.
தவறூபி குழாயைச் சரிக்கிறாள்,
ஒரேயொரு முறை.
தண்ணி மாதிரி ஓடுகிறது.

அட்ரினலின் முதலில்; பிறகுதான் விஷமுறிவு.
இது போன வருசத்துப் பாடம்,
அன்றைக்கு மழை இல்லை, கடைசிவரை கேட்டேன்.
பத்துக் குப்பியும் கரைந்து
சேலைன் வயரில் இறங்கத் தொடங்க
போன் உயிர்க்கிறது.
மல்லாவியில் இருந்து ஏதும் கேள்வி?

இருக்கு சேர்.
பெட்டியில் பத்துத்தான் இருந்தது.
மிச்சம் மாங்குளத்தில்,
அம்புலன்ஸ் ஒரு பிள்ளைப்பேற்றோடு கிளிநொச்சியில்.

மைக்கைத் திறக்க மறந்துபோனேன்.
நன்றி சொல்லி
அடுத்த படத்துக்குப் போகிறார்.