அறுபது முட்டை

'கழுவாதே' என்று பட்டியலின் உச்சியில் எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாய், ஜெசிந்தா.
அப்படியே வந்திருக்கின்றன எல்லாம்:
உருளைக்கிழங்கில் மன்னவனூர் மண்,
முட்டைகளில் ஒட்டிய வைக்கோலும் எச்சமும்.
ஃப்ரிட்ஜையே பார்க்காத முட்டை வேண்டும் என்றதும்
பண்ணைக்கார அந்தோணிக்கண்ணு சிரித்தார்:
'மார்கழியில இந்தக் கொடைக்கானலே ஃப்ரிட்ஜுதான சார்?'

பூசுவதற்கு வாங்கிய தேங்காயெண்ணெய்
பாட்டிலுக்குள் வெள்ளைக் கட்டையாய் நின்றது.
வெந்நீரில் இறக்கி, உருகிய மட்டும் விரலில் தொட்டு
ஓட்டின் கண்ணுக்குத் தெரியாத துளைகளை
ஒவ்வொன்றாக அடைத்தேன்.
நீ இருக்கும் தூத்துக்குடியில்
அது தண்ணீராய் ஓடிக்கொண்டிருக்கும்.

பெரிய பாயை விரிக்க நம் வீடு போதவில்லை.
பங்கு மண்டபத்தில், பூப்பந்துக் கோடுகளின் மேல்
மூன்று நாளாய்க் கிடக்கிறது.
கிழிந்த ஓரத்தைத் தைத்தாகிவிட்டது.
ஆனால் ஜன்னல் வழியே மஞ்சு புகுந்து
துணியை நனைத்துவிட்டுப் போகிறது.
உப்புத் தண்ணீருக்கென்று நெய்தது
முதலில் மேகத்தில் நனைகிறது.

அட்டைப்பெட்டி ஒன்றும் படகேறக் கூடாது,
மடிப்புகளில் கரப்பான் முட்டையிட்டிருக்கும் என்றாய்.
எல்லாவற்றையும் துணிப்பைக்கு மாற்றினேன்.
டின்களின் காகிதத்தை உரித்து
பெயின்ட்டால் எழுத்துப் போட்டேன்:
ப என்றால் பட்டாணி, அ என்றால் அன்னாசி.
பூம்பாறைப் பூண்டு ஐந்து கிலோ, தாளோடு பின்னியது.
அதைக் கட்டித் தொங்கவிடு, காற்றுப் படட்டும்.

சோறு வேகும் நேரத்தை இங்கே அளந்து
கேஸ் கணக்குச் சொன்னபோது திட்டினாய்:
'மலைக் கணக்கைக் கடலுக்குச் சொல்லாத.
இங்க தண்ணி இன்னும் சூடாக் கொதிக்கும்.'
சரி. ஊறுகாய் பாட்டில்களுக்கும் அதே கதைதான்.
ஏழாயிரம் அடியின் மெலிந்த காற்றோடு மூடியிருக்கிறேன்.
கீழே போனதும் கடற்கரைக் காற்று
மூடியை உள்ளே அழுத்தும்.
திறக்க வராது.
வீட்டில் திறந்து தருகிறவன் நான்;
நீ கரண்டியால் விளிம்பைத் தட்டு.
உஸ்ஸென்று உள்ளே இழுக்கும், அவ்வளவுதான்.

தண்ணீருக்கு வந்தேன்.
நாளுக்கு மூன்று லிட்டர், முப்பது நாள், தொண்ணூறு.
கை தானாக இரண்டால் பெருக்கியது.
உன் பட்டியலில் தொண்ணூறுதான் இருந்தது.
மேலே பார்த்தேன்: அரிசி, ரஸ்க், எலுமிச்சை.
எதுவுமே பெருக்கப்படவில்லை.

போன் செய்தேன்.
'முட்டை அறுபதா, நூத்தியிருபதா?'
உன் பக்கம் பாய்மரத்தில்
கயிறு அடிக்கும் சத்தம், வெகுநேரம்.
'அறுபது' என்றாய்.
பிறகு பேட்டரி விலை பேசினோம்.

கோபமில்லை.
ஏரியில் பெடல் படகிலேயே வாந்தியெடுத்தவன் நான்.
போன மாசியில் முயல்தீவைத் தாண்டுவதற்குள்
வாளியைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டேன்.
நீ ஒரு கையால் சுக்கானும்
மறு கையால் என் நெற்றியும் பிடித்திருந்தாய்.
இரண்டு கையும் வேண்டிய இடம் செஷல்ஸ் வழி.
ஆனாலும் வாயால் சொல்லியிருக்கலாம்.
பட்டியலில் சொல்லிவிட்டாய்.

நாளைக் காலை நாலு மணிக்கு
பாண்டித்துரையின் கேரட் லாரியில் எல்லாம் இறங்கும்.
வத்தலக்குண்டு வளைவுகளில் மெதுவாகப் போகச் சொல்லி
நூறு ரூபாய் கூடக் கொடுத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் உனக்குத் தெரியாது.
நான் வாங்கியது அறுபத்தொன்று.
எண்ணெய் பூசிய அந்த ஒன்று
நம் அடுப்படி அலமாரியில் இருக்கிறது.
நீ அங்கே திருப்பி வைக்கும் வேளைக்கு
நான் இங்கே திருப்பி வைப்பேன்.
முப்பதாம் நாள் ஒரு கிண்ணம் தண்ணீரில் போடுவேன்.
மிதந்தால் கெட்டது.
படகுக்காரியிடம் சொல்லக் கூடாத சொல்தான்,
இருந்தாலும்
அது மூழ்க வேண்டும், ஜெசிந்தா.