ஏழு மணிக்குக் கூடியது

மினிட்ஸ் புத்தகத்தின் முதல் வரி எப்போதும் ஒன்றேதான்:
சபை ஏழு மணிக்கு கன்வீன் ஆனது.
பதினோரு வருடமாக மெரன் டிரெவர் அதை எழுதுகிறாள்,
அதே நீல மை, அதே சாய்வு.
இன்று தேதியோடு நின்றுவிட்டாள்.
பேனா மூடாமல் கிடக்கிறது.

ஆர்க்னிக் காற்று கூடத்தின் தகரத்தை நெம்புகிறது.
மதிய ஃபெர்ரி வரவில்லை.
அதில் வர வேண்டிய இருவரும்
கிர்க்வாலில் ஏதோ ஒரு கஃபேயில் ஈரக் கோட்டோடு.
ரோனி ஹார்க்கஸின் பசுவுக்குப் பேறுகாலம்,
கன்றின் கால் முதலில் வந்துவிட்டதாம்.
நாற்காலி ஏழு. ஆள் மூன்று.
நான்கு பேர் இருந்தால்தான் கோரம்.
நான்காவதாக மெரன் உட்கார்ந்திருக்கிறாள்தான்,
ஆனால் எழுதுகிறவளை எண்ணுவதில்லை.

பொருள் ஒன்று:
அக்டோபரில் இறந்த எட்வின் ஃப்ளெட்டின் இடத்துக்கு ஆள் தேர்வு.
எட்வின் இருந்திருந்தால் நான்கு.
எட்வினின் இடத்தை நிரப்ப எட்வின் வேண்டியிருக்கிறது.

"என்னால் கன்வீன் பண்ண முடியாது" என்றான்
கன்வீனர் தோர்ஃபின் ஃபூபிஸ்டர்,
ஏதோ உடல் குறையைச் சொல்வது போல.

குறுக்கெழுத்துப் பைத்தியம் ஜெமைமா ஐஸ்பிஸ்டர்
கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னாள்:
லத்தீன். பிரித்தால் இரண்டே துண்டு.
ஒன்று 'சேர்ந்து', இன்னொன்று 'வா'.
அவ்வளவுதானா என்றான் டேவி ரெண்டல்.
அவ்வளவுதான்.
இத்தனை கஞ்சி போட்ட காலருக்குள்
ஒரு 'வா'.

கல்யாணத்துக்கு யாரும் கன்வீன் ஆவதில்லை.
சாவுக்கும் இல்லை. பீருக்கு நிச்சயமாக இல்லை.
நீதிபதி முன் இழுத்து நிறுத்துவதற்கும்
ஒரு காலத்தில் இதே சொல்தான்.
கன்னியர் மடமும் உடன்படிக்கையும்
இதே வீட்டுப் பிள்ளைகள்;
வசதி என்கிற ஆங்கிலச் சொல்லும்.
சேர்ந்து வந்தது பொருந்தும், பொருந்தியது வசதி.
ஜன்னலில் உப்புத் தண்ணீர் அறைகிறது.

(தமிழில் எழுதும் எனக்கு
ஓர் ஒற்று போதும்: கூடு, கூட்டு.
அந்த ஆங்கிலச் சொல் ஒற்றில்லாமலே
தானும் கூடும், பிறரையும் கூட்டும்.
ஆனால் குப்பையைக் கூட்ட அதற்குத் தெரியாது.
மெரன் ஐந்து மணிக்கே வந்து கூட்டினாள்.
தரையை.)

பிறகு கெட்டில் கொதித்தது.
டேவி, எட்வின் கடையில் வைத்துப் போன பாக்கியைச் சொன்னான்,
நாற்பத்தொரு பவுண்டு, பெரும்பாலும் புகையிலை.
ஜெமைமா, அவன் படகுக்கு மூன்று முறை
ஒரே பெண்ணின் பெயரை வைத்து மூன்று முறை அழித்ததை.
யார் பெண் என்று அவள் சொல்லவில்லை,
தோர்ஃபின் பிஸ்கெட் டின்னைத் திறந்தான்.
மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.
எட்வின் கூட வந்தான்,
'கூட' என்பதற்கு எந்த அர்த்தம் கொண்டாலும் சரி.

காற்றாலை ரிப்பேர் பார்க்கும் அந்தப் போலந்துக்காரன்,
ஸ்வாவோமிர், அவனைப் போடலாம் என்றது யார்?
தெரியவில்லை. மூன்று தலைகளும் அசைந்தன.
மெரன் எழுதவில்லை.
நடக்காத கூட்டத்தில் தலை அசைந்தால்
அது வெறும் கழுத்து.

சபை கன்வீன் ஆகவில்லை, என்று எழுதினாள் கடைசியில்.
அப்புறம்தான் சிக்கல் புரிந்தது.
கூடாத சபையைக் கலைக்க விதி எதுவும் இல்லை.
கலைந்தது என்று அறிவிக்காமல்
எப்படி எழுந்து போவது?
டேவி தொப்பியை எடுத்து மறுபடி வைத்தான்.
அவரவர் நாற்காலியில் அவரவர்.
தேநீர் ஆடை கட்டியது.

பத்தேகாலுக்குக் கதவு காற்றோடு சேர்ந்து திறந்தது.
முழங்கை வரை ரத்தத்தோடு ரோனி ஹார்க்கஸ்.
"கிடாரி" என்றான். "நிற்கிறது."

தோர்ஃபின் தலைகளை எண்ணினான்,
உதடு அசைய, நிதானமாக.
மெரன் கடைசி வரியை அடித்தாள்.
மேலே, முதல் வரியில்,
மணி போட வேண்டிய இடத்தில்
பேனா நின்றது.