பக்கம் நூற்றெண்பத்தேழு

மருதானைப் பழைய புத்தகக் கடையில்
முந்நூற்றைம்பது ரூபாய்.
அட்டையில் ஒரு பென்சிலும் ஒரு தூரிகையும்
ஒன்றையொன்று பார்த்து வெட்கப்படுகின்றன.
பென்சிலுக்கு எங்கே வெட்கம் வரும் என்று
மயூரேசன் பகிடி பண்ணினான்.
காசு கொடுத்தது அவன்தான்.

கதை இவ்வளவுதான்:
அவள் எழுதுவாள், அவன் வரைவான்,
இருவருமாகச் சிறுவர்களுக்குப் படக்கதை செய்கிறார்கள்.
முயலின் காது எவ்வளவு நீளம் என்பதில்
மூன்று அத்தியாயம் சண்டை.
நாலாவதில் லிப்ட் நின்றுவிடுகிறது.
(இப்படியான கதைகளில் மட்டும்
லிப்ட் திருத்துகிறவர்கள்
எங்கே போய்த் தொலைகிறார்களோ.)

எங்கள் கட்டடத்தில் லிப்ட் இல்லை.
வெள்ளவத்தையில் எவர்சில்வர் கடைக்கு மேலே
இரண்டாம் மாடி. ஒரு பிரிண்டர், ஒரு மேசை,
என் பக்கம் திரும்பும்போதெல்லாம்
என் தாள்களை எழுப்பிவிடுகிற மின்விசிறி.
கலியாணக் காட் அடிக்கிறோம்.
எழுத்தும் ஓவியமும் அவன். வாசகம் நான்.
'நிகழும் மங்களகரமான' என்று தொடங்கிவிட்டால்
அதற்குப் பிறகு யார் வாசிக்கிறார்கள் என்று அவனும்,
உன்னுடைய மயில் எல்லாவற்றுக்கும்
ஒரே கழுத்துப் பிடிப்பு என்று நானும்
ஆறு வருடம்.
எத்தனை சோடியைச் சேர்த்து வைத்துவிட்டு
மிச்சக் காசுக்காகப்
பம்பலப்பிட்டி வெயிலில் அலைந்திருக்கிறோம்.

புத்தகம் மேசையிலேயே கிடக்கும்,
பசைக்கும் வெட்டுக்கத்திக்கும் நடுவில்.
பிரிண்டர் சூடாகிற நேரம் ஒரு பக்கம்,
அவன் கொட்டாஞ்சேனைக்கு
மாதிரி காட்டப் போன நேரம் பத்துப் பக்கம்.
அடையாளத்துக்கு நூறாம் இலக்க பஸ் டிக்கெட்.

போன செவ்வாய்க்கிழமைதான் கண்டேன்.
என் டிக்கெட் நூற்று நாற்பத்தொன்றில்.
நூற்றெண்பத்தேழில் இன்னொன்று:
பொன்னிறத் தாளின் ஓரத்தில் கழித்துப் போடுகிற
விரலகலத் துண்டு.

அப்படியென்றால் இவனுக்குத் தெரியும்.
லிப்ட் எப்போது திறந்தது,
அவளுடைய அம்மா தொலைபேசியில் என்ன சொல்லி அழுதாள்,
எல்லாம் தெரியும்.
எனக்கு நாற்பத்தாறு பக்கம் முன்னாலே
யாரோ இருவரின் காதலுக்குள் இருந்துகொண்டு
எதிர்க் கதிரையிலிருந்து கேட்கிறான்,
"பொம்பிளையின் அப்பா கருணானந்தம்.
இரண்டாவது எந்த னா?"

புதன் துரத்தினேன். வியாழனும்.
மதியச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமலே
இருபது பக்கம்.
அவனுடைய துண்டு அசையவில்லை.

வெள்ளி பின்னேரம் கடற்கரைப் பக்கமிருந்து மழை வந்து
கரண்டையும் கொண்டுபோனது.
கைத்தொலைபேசி வெளிச்சத்தில் போய்ச் சேர்ந்தேன்.
நூற்றெண்பத்தேழில்
அவன் படத்தை வரைந்து முடித்துவிட்டுப்
பேச்சுக் குமிழை வெறுமையாக விட்டிருக்கிறான்.
நீ எழுது என்கிறான்.
பக்கம் முடிகிறது.

என்ன எழுதினாள் என்று பார்க்க
ஒரு விரல் போதும்.
டிக்கெட்டைப் பொன்னிறத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்து
மூடிவிட்டேன்.
இங்கேயே நிற்கிறானா, இல்லை
அலுத்துப்போய் விட்டுவிட்டானா?
அலுத்திருக்கவும் கூடும்.
அவன் தேத்தண்ணியையே பாதியில் விடுகிறவன்.

கரண்ட் வந்ததும் கொட்டாஞ்சேனை அழைத்தது.
மாப்பிள்ளை வீட்டுக்கு மயில் பிடிக்கவில்லையாம்.
ஒரு நிமிடம் நெற்றியைத் தேய்த்தான்.
"மயிலை எடுத்தால் அந்த இடத்தில் என்ன?"

"வெறுமையாக விடு" என்றேன்.
"நான் எழுதுகிறேன்."

விசிறி என் பக்கம் திரும்பியது.
தாள்கள் எழும்பின; இரண்டு பேருமே பிடிக்கவில்லை.
புத்தகத்தைப் பார்த்தான்,
பிறகு திரையை,
மவுஸில் கை வைத்தபடி,
குரலைச் சரிசெய்துகொண்டு கேட்டான்:

"எவ்வளவு இடம்?"