முப்பத்தொன்பது உருப்படிகள்

கம்பெனி மாடியில்
பழைய காலண்டர் தாள்களைப் பின்பக்கமாக ஒட்டி
தரை முழுக்க விரித்தேன்.
அதன்மேல் நாங்கள் விற்கும் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று:
சலவை சோப்பு பச்சை, மஞ்சள்,
அதிலேயே அரைக் கிலோ, கால் கிலோ, ஐந்து ரூபாய் வில்லை,
தூள் ஆறு அளவில்,
பினாயில் வெள்ளை, பினாயில் கறுப்பு,
சொட்டு நீலம், கஞ்சிப் பசை,
எலுமிச்சை மணக்கும் என்று உறையில் மட்டும் எழுதியிருக்கும் ஒரு கட்டி.
ஓரத்தில், எதனோடும் சேராமல்,
கற்பூரம்.

அமீர்சா ராவுத்தர் செருப்பைக் கழற்றிவிட்டு
ஈரச் சிமெண்டில் நடப்பவர் போல வந்தார்.
"இவ்வளவா செய்யறோம், பிலோமி?"
"செய்யறது முப்பத்தெட்டு. கற்பூரம் வாங்கி விக்கறோம்.
விக்கறோம்னும் சொல்ல முடியாது."

வங்கி மேனேஜர் இருபதுக்குள் நிறுத்தச் சொல்லியிருந்தார்.
கடன் அவருடையது,
அகலம் குறையட்டும், ஆழம் கூடட்டும் என்ற வார்த்தையும் அவருடையது.

சாக்பீஸால் கோடு போட்டேன்
வேலந்தாவளம் செக்போஸ்ட் எங்கே நிற்கிறதோ அங்கே.
இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு,
வரிக் கணக்கு இருக்கிறபடியே.
எண்கள் கோட்டை மதிக்கவில்லை.
பொள்ளாச்சியில் ஓடும் பச்சை
எருத்தேம்பதியிலும் ஓடியது.
கொல்லங்கோட்டில் பறக்கும் மஞ்சள்
கொழிஞ்சாம்பாறையில், எங்கள் வாசலிலேயே,
தூசி படிந்து கிடந்தது.
மூன்று நாள் அழித்து அழித்து
முழங்கால் வெள்ளையானதுதான் மிச்சம்.

வேன் சாவியைக் கொடுக்க வந்த ஆறுச்சாமி
வாசலிலிருந்தே தலைகீழாய்ப் படித்தான்.
"கோடு தப்புங்க."
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் லைன் முடித்து வந்தபோது
ஏழு ஊர்த் தண்ணீர் ஏழு பாட்டிலில்,
மூடிமேல் பேனாவால் ஊர்ப்பெயர்.

மொட்டைமாடியில் ஏழு மக் வைத்துத் தேய்த்தோம்.
எருத்தேம்பதித் தண்ணீரில்
மஞ்சள் பால் திரிந்தது போல் திரிந்தது.
கோபாலபுரத்திலும் அப்படியே.
கொல்லங்கோட்டுத் தண்ணீரில்
ஒரே இழுப்பில் நுரை மக்கைத் தாண்டி
ராவுத்தரின் வேட்டிக் கரையை நனைத்தது.
அதே தண்ணீரில் பச்சையைப் போட்டால்
விரல் நுனி எரிந்தது.
"கொல்லங்கோட்டு குஞ்ஞிலட்சுமி அக்கா
ரெண்டு வருசமா இதைத்தான் சொல்லுது," என்றான்.
"சோப்புல கோளாறுன்னு நெனச்சு
நான் தள்ளுபடி குடுத்துட்டிருந்தேன்."

ஈரத்துணியால் மாநிலங்களைத் துடைத்தேன்.
புதுக் கோடு சித்தூர்ப் புழையை ஒட்டி
போர்டு ஒன்றும் இல்லாத வயல் நடுவே போனது.
கிழக்கே உப்புத் தண்ணீர், மேற்கே நல்ல தண்ணீர்.
பிறகு வேலை சுலபம்.
அந்தி விழுவதற்குள் பதினேழு போயிற்று.
நல்ல தண்ணீருக்கு நீலமும் கஞ்சிப் பசையும் மஞ்சளின் பக்கத்தில்,
வெள்ளை வேட்டிக்காரர்கள் மூன்றையும் ஒரே பையில் எடுப்பதால்.
உப்புத் தண்ணீருக்குப் பச்சை எல்லா அளவிலும்,
உறையில் மட்டும் இரண்டு எழுத்து.

எலுமிச்சைக் கட்டியை நான் நகர்த்தியதும்
ராவுத்தர் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.
"அது என் யோசனை."
"தெரியுங்க. கணக்குலயும் தெரியுது."
சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

இருபத்தொன்று நின்றது.
இன்னும் ஒன்று போக வேண்டும்.

கற்பூரம் வந்த கதை எல்லோருக்கும் தெரியும்.
காசு தராத ஏஜெண்ட் ஒருவன்
பாக்கிக்கு ஈடாக நாற்பது பெட்டி இறக்கிவிட்டு
போன் நம்பரை மாற்றிக்கொண்டான்.
தேர் நாளில் நாலு கடை கேட்கும், அவ்வளவுதான்.
விற்காமலே குறைகிற சரக்கு அது ஒன்றுதான்.
போன இருப்பெடுப்பில் பெட்டி நாற்பதும் இருந்தன,
எடையில் ஒன்பது கிலோ இல்லை.
யாரைச் சந்தேகப்படுவது?

பென்சிலை வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.
அந்த வரியை நான் அடிக்கவில்லை.
மாடிக் கதவைச் சாத்தும்போது
முப்பத்தொன்பதில் அது ஒன்றுதான் மணத்தது.