பால் மறக்கும் வாரம்

வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டி
இரண்டாவது தோப்பு எங்களுடையது.
பதினொரு எருமை, பதினொரு கடாக்கன்று.
ஐந்து மாதம் கூட விட்டிருந்தோம்.
திங்கட்கிழமை நடுவில் கம்பி வலை கட்டினோம்.

பார்க்கலாம். மோந்துகொள்ளலாம்.
மடி மட்டும் எட்டாது.

முதல் ராத்திரி கத்திய கத்தலில்
லாரியை ஓரங்கட்டியிருந்த டிரைவர் இறங்கி வந்து
'என்னங்கம்மா, ஏதாச்சும் செத்துப்போச்சா' என்றார்.
இல்லைங்க, பால் மறக்கடிக்கிறோம்.
சொன்ன பிறகுதான் சொல் உறைத்தது:
மறப்பது அதன் பாடு
அடிப்பது நம் பாடு.

கொழிஞ்சாம்பாறை ஆஸ்பத்திரி டாக்டர் லிஜி
மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதித் தந்திருந்தார்:
உரச ஏதாவது. முட்ட ஏதாவது.
நாளெல்லாம் மெல்ல வைக்கோல்.
இந்த வாரம் புதுக் கன்று எதையும் உள்ளே விடாதே.
கீழே கோடு போட்டு, காயடிப்பும் வேண்டாம்.

தென்னை மரத்தில், கன்றின் தோளுயரத்தில்,
கயிற்று மிதியடிகளைச் சுற்றிக் கட்டினேன்.
'வெல்கம்' எழுதியவைதான் கடையில் மலிவு.
எண்ணெய் கேனில் கூழாங்கல் போட்டுத் தொங்கவிட்டேன்.

தம்பி அய்னுல்லா சிரித்தான்.
'பெருநாளைக்குக் கிலோ கணக்குல போறதுக்கு
ஊஞ்சல் கட்டுறியாக்கா?'
பதில் சொல்லவில்லை.
எடை போடுகிறவன் அவன்.
பேங்குக்கு நடக்கிறவனும் அவன்தான்.

மூளிக்காதுக்காரன் இரண்டு நாள் தீவனம் தொடவில்லை.
நாலு கிலோ இறங்கிவிட்டான்.
புதன் மத்தியானம், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்ததுபோல்
மிதியடியில் நெற்றியை வைத்தான்.
பிறகு கன்னம்.
பிறகு தாடைக்கடியில் அந்தக் குழிவு,
அவன் தாய் நக்கி நக்கி
மயிர் ஒரு பக்கமாய்ப் படிந்துபோன இடம்.
கண்ணை மூடிக்கொண்டான்.
'வெல்கம்'மில் பாதி எழுத்து உதிர்ந்தது.

அன்று ராத்திரி கேன் கடகடத்தது.
திருடன் என்று டார்ச் அடித்தேன்.
கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அய்னுல்லா
கேனைத் தள்ளுகிறான்.
மூளிக்காதன் முட்டித் திருப்பி அனுப்புகிறான்.
மறுபடி தள்ளுகிறான்.

வெளிச்சம் பட்டதும்
'கயிறு லூசா இருந்துச்சு' என்றான்.
'இறுக்கு' என்றேன்.

டார்ச்சைத் திருப்பியபோது
வலைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள் அவன் தாய்.
கறந்தது போக மிச்சம் சொட்டிக்கொண்டிருந்தது.
குளம்படியில் எறும்புகள்.
அந்தப் பக்கத்துக்கு நான் ஒன்றுமே கட்டவில்லை.
டாக்டர் சீட்டிலும் அதற்கு வரி இல்லை.

மிதியடி இன்னும் இரண்டு இருக்கிறது.
கயிறுதான் போதாது.