அடையாளம் தெரியாதவை: ஒன்று

பங்குனி ஏழு. பொய்கை அணைக்கரை.
வெயில் இன்னும் பாறைக்கு வரவில்லை.
ஆரல்வாய்மொழிக் கணவாயில்
கண்ணுக்கெட்டிய காற்றாடி எல்லாம் நிற்கிறது.
மூன்று மட்டும் சுற்றுகிறது,
யாரோ ரொம்பக் கேட்டுக்கொண்டதற்காகச் சுற்றுவதுபோல.

எனக்கு இன்று வாரவிடுப்பு.
நாகர்கோவில் – திருநெல்வேலி வண்டியில்
பதினெட்டு வருடம் தலை எண்ணிய கண் இது.
வள்ளியூரில் ஏறினேன் என்பவன்
பணகுடியிலேயே ஏறியவன் என்று
பின்மண்டையைப் பார்த்தே சொல்லிவிடும்.
அந்தக் கண்ணைத்தான்
பியூலா இரவல் கேட்டாள்.
பைனாகுலரும் நோட்டும் அவளுடையவை.
சொல்வது நான், எழுதுவது அவள்,
சண்டை பொது.

எட்டு மணிவரை ஒன்றுமில்லை.
"அதையும் எழுதணும்" என்று
ஏழு முதல் எட்டு, பூஜ்ஜியம்,
பேனாவை அழுத்தி எழுதினாள்.
ஆள் ஏறாத நிறுத்தத்துக்கு
நான் இத்தனை மரியாதை செய்ததில்லை.

பாறை சூடானது. வந்துவிட்டார்கள்.
தேரூர்க் குளத்தில் ஆறு மாதம் தின்று
உடம்பு வைத்த சேற்றுப் பூனைப்பருந்துகள்,
சட்டைக் காலரைத் தூக்கி விட்டதுபோல்
இறக்கை இரண்டையும் உயர்த்திப் பிடித்து.
ஒன்று. மூன்று. நாலு.
மணக்குடிக் காயலிலிருந்து ஒரு விராலடிப்பான்,
துணையில்லை, லக்கேஜ் இல்லை,
நேரே வடக்கு.

பத்தரைக்குத் தோவாளைக்கு மேலே
வெந்நீர்க் காற்று ஒன்று எழும்பியது.
பாயசத்தில் கரண்டி சுற்றுகிற மாதிரி
அதற்குள் இருபதோ முப்பதோ.
நான் கூட்டத்தில் விரலை நீட்டினேன்.
"சுத்தும்போ எண்ணாதீங்க அண்ணே,
மேல போய் ஒவ்வொண்ணா வெளியேறும் பாருங்க,
அப்போ எண்ணுங்க."
சரிதான். வாசலில் நின்று எண்ணுவது.
இதைப் போய் எனக்குச் சொல்கிறாள்.

அந்தச் சுழலில் ஒரு செம்பருந்தும் இருந்தது.
ஊர்க்காரன்; கணக்கில் சேராது.
அவர்களோடு சேர்ந்து பாதி உயரம் ஏறி
எதையோ யோசித்தவன்போல் சரிந்து
குளத்துக்கே இறங்கிவிட்டான்.
பஸ் ஸ்டாண்டில் இப்படி நிறையப் பேர்.
ஜன்னலோரம் பேசிக்கொண்டே
தேரடி வரைக்கும் நடந்து வருவார்கள்.

இருபத்தேழு என்றேன்.
இருபத்தெட்டு என்றாள்.
கடைசி ஒன்று சூரியனுக்குள் போனது,
பிறகு நூற்றுப் பதினாலாம் எண் தூணுக்குப் பின்னால்.
வெளியே வந்ததை
நானும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை.
கண்ணில் பச்சை வட்டம் மட்டும் மிதந்தது.
வல்லூறா, வைரியா, காக்காயா?
"காக்கா இல்ல" என்றாள், கோபமாக.

மத்தியானம் நான் அங்கே நடந்தேன்.
முள்ளும் ஆட்டுப் புழுக்கையும்.
தூணின் நிழல் ஒரு ஆள் படுக்கும் அகலம்;
அதில் காவலாளி பூதலிங்கம்
சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து உட்கார்ந்திருந்தார்.
தலைக்கு மேலே இறக்கை
ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பெருமூச்சு.
"இங்க ஒண்ணும் விழல்ல கேட்டீரா" என்றார்.
சற்று நேரம் மென்றார்.
"விழுந்தாலும் நாய் விடாது."
நாய் என்னையே பார்த்து வாலாட்டியது.
ஒரு இறகு கிடைத்தது. காக்காய் இறகு.

திரும்பி வந்து சொன்னேன்.
பியூலா பேனாவை மூடினாள், திறந்தாள்.
போனது என்று ஒரு கட்டம் இருக்கிறது.
போகாதது என்று இல்லை.
அடையாளம் தெரியாதவை: ஒன்று
என்று எழுதி, நேரத்தையும் எழுதினாள்,
பத்து நாற்பத்தொன்பது.

மறுநாள் காலை முதல் நடை.
வெள்ளமடத்தில் கல்லூரிப் பிள்ளைகள் ஏறி
வண்டி நெருக்கியடித்தது.
தலை ஐம்பத்திரண்டு, டிக்கெட் ஐம்பத்தொன்று.
கணவாயில் காற்று அடித்த இடத்தில்
மறுபடி எண்ணாமல்
குனிந்து ஜன்னல் வழியே அண்ணாந்தேன்.
நூற்றுப் பதினாலு நின்றிருந்தது.
"யாரு, டிக்கெட் எடுக்காத ஆளு யாரு?"
என்று வாய் கேட்டுக்கொண்டிருந்தது.