அவுட்

ஆர்வோ மாமாவை அடக்கம் செய்த மறுநாள்
அவருடைய வேனைக் காலி செய்யும் வேலை என் தலையில் விழுந்தது.
பின்கதவைத் திறந்ததும்
பதினேழு பந்துகள் உருண்டு வந்து
என் காலடியில் ஏரி வரைக்கும் போகப் பார்த்தன.
பிறகு ஒரு மூட்டை பூனை மணல்.

பூனை எதுவும் வளர்த்தவர் இல்லை அவர்.
மழை விட்டதும் மைதானத்துச் சேற்றில் தூவத்தான் அது.
வடக்கு மினசோட்டாவில்
மே மாதத்துக்கு மே மாதம் என்று தெரியாது, பனி கொட்டும்.
"எட்டு வயசுப் பிள்ளைக்கு
அடுத்த சனிக்கிழமை என்றால் அடுத்த வருஷம்" என்பார்.
சுரங்கத்தில் இரவு ஷிப்ட் முடித்த கண்களோடு
முதல் பேஸ் பக்கத்தில் குந்தி
குட்டைத் தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி
வாளியில் பிழிவார்.

இரும்புத் தாது கலந்த செம்மண்.
எந்தச் சோப்புக்கும் மசியாது.
எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் வெள்ளைக் கால்சட்டை
முதல் ஆட்டம் வரைக்கும்தான் வெள்ளை.

அவருடைய வலக்கைச் சுண்டுவிரலைச் சுரங்கம் எடுத்துக்கொண்டது.
கையுறைகளில் அந்த இடத்தை மட்டும்
உள்ளே மடித்துத் தைத்து வைத்திருப்பார்.
அப்பா டுலூத்துக்கு வேலை தேடிப் போய்
அங்கேயே தங்கிவிட்ட குளிர்காலத்தில்
ஒரு காலை எழுந்து பார்த்தால்
கொல்லைச் சுவர் உயரத்துக்கு விறகு அடுக்கியிருந்தது.
யார் அடுக்கியது என்று அம்மா கேட்கவில்லை.
மேலே ஒரு கையுறை மறந்து கிடந்தது,
நான்கு விரல்களோடு.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை.
"ஒன்பது பிள்ளைகள் இருக்கிறதே" என்பார்.
மூன்று சகோதரிகளும் பெற்ற கணக்கு அது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.
எனக்குப் பதினொரு வயது. கடைசி இன்னிங்ஸ்.
அன்றைக்கு அம்பயர் வரவில்லை,
மாமாவே முகமூடியை மாட்டிக்கொண்டார்.
மூன்றாவது பேஸிலிருந்து உயிரைக் கொடுத்து ஓடி வந்து சறுக்கினேன்.
கேச்சர் டைலர் ஸ்குபிச்சின் கிளவ் என் முழங்காலைத் தொட்டது
என் பாதம் பிளேட்டைத் தொட்ட பிறகு.
சத்தியமாகப் பிறகு.
சிவப்புப் புழுதி அடங்கியபோது
நான்கு விரல் முட்டி ஒன்று மேலே போனது.

"உன் அக்கா மகள்டா!" என்று அம்மா கத்தினாள்.
"அதனால்?" என்றார் மாமா.

இரண்டு வாரம் நான் அவரோடு பேசவில்லை.
அவர் விளக்கம் சொல்லவில்லை, சமாதானத்துக்கும் வரவில்லை.
வாசலில் பொரித்த மீனை வைத்துவிட்டு
ஒருமுறை ஹார்ன் அடித்துப் போய்விடுவார்.
மீனை நான் சாப்பிட்டேன்.
ரோஷம் வேறு, மீன் வேறு.

போன மாதம் ஆஸ்பத்திரியில்
மூக்கில் குழாயோடு படுத்திருந்தவரைக் கேட்டேன்:
"இருபத்து மூன்று வருஷமாச்சு, மாமா.
இப்போதாவது சொல்லுங்கள்."
குரல் இல்லை அவருக்கு.
போர்வைக்கு அடியிலிருந்து மெதுவாக
முட்டி மேலே வந்தது.
இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில்
அவருக்கு இருமல் பிடித்துக்கொள்ள
நர்ஸ் என்னை வெளியே துரத்தினாள்.

வேனின் முன்சீட்டுக்கு அடியில் ஸ்கோர்புக்குகள்,
வருஷவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு.
அந்த ஜூன் மாதப் பக்கத்தைத் தேடி எடுத்தேன்.
கைசா என்ற பெயருக்கு நேரே
ஆறாவது இன்னிங்ஸ் கட்டம்.
பென்சிலால் எழுதி அழித்திருக்கிறார்.
மீண்டும் எழுதி, மீண்டும் அழித்து,
எத்தனை ராத்திரி என்று தெரியவில்லை,
காகிதம் அங்கே மட்டும் வெங்காயத் தோலாகியிருக்கிறது.
ஜன்னலில் பிடித்தால்
அந்தப் பக்கத்துச் சாலை தெரிகிறது.
எல்லாவற்றுக்கும் மேல், கடைசியாக, அழுத்தி,
அவுட்.

அம்மாவிடம் காட்டவில்லை.
ரப்பர் பேண்டை மறுபடி போட்டுவிட்டேன்.

வெளியே தூற ஆரம்பித்திருக்கிறது.
நாளைக்குக் காலை ஒன்பது மணிக்குச் சின்னவர்களின் ஆட்டம்.
மூட்டையைத் தூக்கிப் பார்த்தேன்.
பாதிதான் இருக்கிறது.